பெரும்பாக்கமா, பழைய இடமா, பட்டாவா, வாடகையா? ஏழைகளுக்கான அரசு வீட்டில் நான்கு வழிகள்

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் குடியிருப்பவர்களும், எழுபதுகளில் கட்டிய குடிசை மாற்று வாரிய அடுக்கு வீடுகளில் இருப்பவர்களும் சென்னையில் இன்று ஏறக்குறைய ஒரே குழப்பத்தில் இருக்கிறார்கள். கணக்கெடுக்க ஆள் வந்தாயிற்று. கைரேகை எடுத்தாயிற்று, கதவில் எண் எழுதியாயிற்று. அப்புறம் ஒரு தாளை நீட்டி, இருக்கும் வீட்டைக் காலி செய்யச் சம்மதக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா? போட்டால் எங்கே போவோம்? போடாவிட்டால் இருப்பதும் போய்விடுமா?

பகுதி நலச் சங்கங்களில் வேலை செய்பவர்கள், கவுன்சிலர்கள், இளம் வழக்கறிஞர்கள் எனப் பலரிடமும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. ஒரு குடும்பம் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதோடு, அரசு தன் பணத்தை எதில் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசுகிறேன். அரசு எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறதோ அதற்குள்தான் குடும்பம் நுழைய முடியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டது. 1971-ல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது வாரியத்தின் முழக்கம். ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். 1977 வாக்கில் உலக வங்கிக் கடனோடு வேறொரு பாதை வந்தது: வீடு கட்டித் தராமல், மனையும் தண்ணீரும் சாலையும் கழிவுநீர் இணைப்பும் தருவது, இருக்கிற குடிசைப் பகுதிகளை அப்படியே மேம்படுத்துவது. 2000-க்குப் பிறகு நகருக்கு வெளியே மிகப் பெரிய குடியிருப்புகள் எழுந்தன. 2021-ல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஆக, இன்று புதுத் திட்டம் என்று சொல்லப்படும் அநேகமாக எல்லாமே இந்த ஊரில் ஏற்கெனவே செய்து பார்த்தவைதான். விளைவைப் பஸ் ஏறிப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்.

## முதலில் அளவுகோல்கள்

வீடு எத்தனை சதுர அடி, டைல்ஸ் போட்டிருக்கிறதா, எத்தனையாவது மாடி என்பதெல்லாம்தான் முதலில் கண்ணில் படும். அவற்றைக் கடைசியில் வையுங்கள். நான் எடைபோடுவது இந்த ஐந்தை வைத்து:

பிழைப்புக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது, வாழும் உரிமைக்குள் பிழைப்பு உரிமையும் அடங்கும் என்று. நடைபாதையில் குடியிருந்த பம்பாய் மக்களின் வழக்கு அது. வேலைக்குப் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் அவர்கள் அங்கே இருந்தார்கள். நம் ஆற்றோரக் குடும்பங்களுக்கும் அதேதான்.

கையில் வரும் காகிதம். டோக்கன், ஒதுக்கீட்டு ஆணை, பட்டா, கிரயப் பத்திரம் ஆகிய நான்கும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கிற உரிமையும் வேறு.

இருபது ஆண்டுச் செலவு. பங்களிப்புத் தொகை (வீட்டுக்காகக் குடும்பம் தன் பங்காகக் கட்டுவது), தவணை, பராமரிப்பு, பஸ், வாடகை, வட்டி எல்லாம் சேர்த்து.

இடைக்காலம். பழைய வீட்டை விட்டு இறங்கும் நாளுக்கும் புது வீட்டுச் சாவி கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் குடும்பம் எங்கே இருக்கும், எதைச் சாப்பிடும்?

பதினைந்தாம் ஆண்டு. மோட்டார் பழுதானால், கழிவுநீர்க் குழாய் உடைந்தால், யாரைக் கூப்பிடுவது, யார் பணம் கட்டுவது?

முதல் இரண்டுக்கும் மட்டுமே பாதிக்கு மேல் எடை கொடுக்கிறேன். அந்த இரண்டும் சரியாக இருக்கும் குடும்பம் மற்ற மூன்றையும் எப்படியாவது சமாளித்துவிடும். அவை இல்லாத குடும்பத்துக்கு எவ்வளவு நல்ல கட்டடம் கொடுத்தாலும் நிற்காது.

## வழி ஒன்று: நகருக்கு வெளியே மறுகுடியமர்வு

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம். கோவையில் கீரணத்தம், மதுரையில் ராஜாக்கூர். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள், செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கு மேல், பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களில் ஏறத்தாழ 20 ஆயிரம். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் குடும்பங்கள் அலை அலையாகக் கொண்டுபோகப்பட்டன.

இதில் உள்ள நன்மையை மறைக்கக் கூடாது. சாவி உடனே கிடைக்கும். கான்கிரீட் கூரை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகலாம். ஆற்றோரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே பெண் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு அந்தக் கழிப்பறையின் அருமை தெரியும். ஆரம்ப கால வீடுகள் 195 சதுர அடிதான். இப்போது கட்டுபவை 400 சதுர அடியை ஒட்டி வந்துவிட்டன.

ஆனால் தூரம். மையச் சென்னையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும். சிந்தாதிரிப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்த ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு எழும்பூரில் ஒரு வீட்டில் பாத்திரம். எட்டுக்கு இன்னொரு வீட்டில் பெருக்கித் துடைப்பது. பத்தரைக்கு வீடு திரும்பி சமையல். மாலை நான்கு மணிக்கு மூன்றாவது வீடு. நடந்தே போய் வரும் தூரம் என்பதால்தான் ஒரே நாளில் மூன்று வீட்டு வேலை நடக்கிறது. பெரும்பாக்கத்திலிருந்து அதே பெண் ஆறரைக்கு எழும்பூரில் இருக்க வேண்டுமென்றால் ஐந்துக்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். நடுவில் வீடு திரும்ப முடியாது. மூன்று வீடு ஒன்றாகிவிடும், அல்லது ஒன்றும் இல்லாமல் போகும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. டிக்கெட் காசு மிச்சமாகிறது, மூன்று மணி நேரம் மிச்சமாவதில்லை.

ஆண்களுக்கு டிக்கெட்டும் உண்டு. போக வர ஒரு நாளைக்கு 60 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500, இருபது ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 'இலவசமாக' வந்த வீட்டுக்கு ஒரு ஆள் பஸ்ஸில் கட்டும் தவணை இது. மார்க்கெட்டில் சுமை தூக்குபவர், மீன் விற்பவர், கடலுக்குப் போகிறவர் போன்றோர் அதிகாலையில் வேலை இடத்தில் இருந்தாக வேண்டும். அவர்களுக்குப் பஸ் இருந்தும் பயனில்லை.

மறைந்திருக்கும் வேறு செலவுகளும் உண்டு. ஆண்டு நடுவில் இடம் மாறும் பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகிறது. ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, வாக்காளர் அட்டை எல்லாவற்றுக்கும் கூலியை விட்டு அலைய வேண்டும். லிஃப்ட் நின்றுவிட்டால் ஏழாவது மாடிப் பாட்டி அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். வெள்ள ஆபத்து என்று ஆற்றோரத்திலிருந்து கிளப்பிக் கொண்டுபோய், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் குடிவைத்தார்கள். செம்மஞ்சேரிக்காரர்களைக் கேட்டால் எந்தெந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்வார்கள்.

முகவரியும் ஒரு செலவுதான். கண்ணகி நகர் என்று சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கும் வழக்கம் பல காலமாக இருக்கிறது. 2025-ல் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது அணியில் இருந்த கார்த்திகா அந்த ஊர்ப் பெண். அவர் ஊர் பெயரைச் சொல்லிச் சொல்லி நிமிர்த்தினார். ஒரு குடியிருப்பின் பெயரை மீட்டெடுக்க ஒரு பிள்ளை ஆசியா வரை போய் ஜெயிக்க வேண்டியிருந்தது என்பது நமக்கு வலிக்க வேண்டிய விஷயம்.

அரசுக்கு இது சிக்கனம் என்று சொல்வதும் பாதிக் கணக்குதான். நகருக்கு வெளியே நிலம் மலிவு, ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டலாம், அது உண்மை. அப்புறம் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பஸ், காவல் நிலையம், குடிநீர் எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு வேறு துறைகளின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடுவதால் வீட்டுத் திட்டம் மலிவாகத் தெரிகிறது.

எப்போது இது சரி? இடமே தங்க முடியாத இடமாக இருக்கும்போது. ஆற்றின் நீரோட்டப் பாதைக்குள்ளேயே இருக்கும் வீடு, ஒவ்வொரு வெள்ளத்திலும் உயிர் போகும் ஆபத்து. அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வாரியத்துக்கு வேறு இடம் இருக்கிறதா என்பதுதான். பழைய மாமல்லபுரம் சாலையிலோ தொழிற்பேட்டையிலோ குடும்பத்தில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே வேலை இருந்தால் அது வேறு கணக்கு. அவர்களுக்குப் பெரும்பாக்கம் உண்மையிலேயே நல்ல இடமாக அமையலாம்.

## வழி இரண்டு: அதே இடத்தில் இடித்துக் கட்டுதல்

பழைய வாரியக் குடியிருப்புகளுக்கு இது தவிர்க்க முடியாததாகிக்கொண்டிருக்கிறது. 2021 டிசம்பர் 27-ம் தேதி திருவொற்றியூர் அறிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த கட்டடம் சரிந்து விழுந்தது. முப்பது ஆண்டுகூட ஆகாத கட்டடம். விரிசலைப் பார்த்து முன்கூட்டியே எல்லோரையும் வெளியேற்றியதால் உயிர்ச் சேதம் இல்லை. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பழைய குடியிருப்பின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தே போனார். 'இந்தக் கட்டடத்தை விட்டு இறங்க மாட்டோம்' என்று சொல்லும் சங்கங்கள் இந்த இரண்டையும் மறந்துவிடக் கூடாது.

பிழைப்பு கெடாது என்பதுதான் இதன் பெரிய பலம். அதே பள்ளி, அதே மார்க்கெட், அதே சீட்டுக் குழு, அவசரத்துக்குக் கடன் தரும் அதே எதிர்வீட்டு அக்கா.

பலவீனம் இடைக்காலம். காலி செய்யும் குடும்பத்துக்கு வாரியம் தரும் கருணைத் தொகை 8 ஆயிரத்திலிருந்து 24 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நல்ல உயர்வுதான். ஆனால் கட்டுமானம் இரண்டு ஆண்டு இழுத்தால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் கணக்கு. அதே பகுதியில் ஒற்றை அறைக்கு 5 ஆயிரம் வாடகை என்று வைத்தால்கூட இரண்டு ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மீதி 96 ஆயிரம் குடும்பத்தின் தலையில். வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ்தான் வாங்கலாம் என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இதற்கு மேல் பங்களிப்புத் தொகை வேறு. புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் ஒன்றரை லட்சம் கேட்டபோது குடியிருப்பவர்கள் எதிர்த்து நின்றது சும்மா இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டரை லட்சத்தைத் தொடுகிறது. தினக்கூலிக் குடும்பம் இதை மீட்டர் வட்டி என்னும் கந்து வட்டிக்குத்தான் வாங்கும்.

அதே கே.பி. பூங்கா தரத்துக்கும் பாடம். 2021 ஆகஸ்டில், புதிதாகக் கட்டிய அந்த அடுக்குமாடியில் கையால் தொட்டால் சிமென்ட் பூச்சு உதிர்ந்தது. குடியிருந்தவர்களே விரலால் சுரண்டிக் காட்டிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. பிறகு ஐ.ஐ.டி. சென்னை ஆய்வு செய்தது. அந்த ஆய்வு சாவி கொடுப்பதற்கு முன்பு நடந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 1975-ல் ஒரு வீடு வாங்கியவருக்கு இன்று மூன்று பிள்ளைகள், மூன்று குடும்பங்கள். எல்லோரும் அந்த ஒரே வீட்டில் தட்டுத் தடுப்பு வைத்து இருக்கிறார்கள். மறுகட்டுமானத்தில் ஒன்றுக்கு ஒன்றுதான். பெரியவர் பெயரில் ஆணை வரும், அப்போது அண்ணன் தம்பிக்குள் சண்டை மூளும். கணக்கெடுப்பு நடக்கும்போதே எத்தனை குடும்பங்கள் என்று எழுத வைக்காத சங்கம், பிறகு தனித்தனியாகக் கோர்ட்டுக்கு அலையும். தரைத்தளத்தில் இட்லிக் கடை, இஸ்திரிக் கடை வைத்திருந்தவர்களுக்கும் இதே கதி. புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் கடை இருக்காது, குலுக்கலில் ஐந்தாவது மாடி விழும்.

எப்போது இது சரி? கட்டடம் பழுதடைந்து, நிலம் வாரியத்தின் பெயரிலேயே இருந்து, இடைக்கால வாடகைக்கு எழுத்தில் வழி இருக்கும்போது. அந்த மூன்றும் அமைந்துவிட்டால் தயங்கவே வேண்டாம்.

## வழி மூன்று: பட்டா, வசதி, தானே கட்டிக்கொள்ளும் வீடு

எனக்கு அதிக நம்பிக்கை உள்ள வழி இதுதான். இன்று அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான்.

அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், முகப்பேர் பக்கம் உலக வங்கித் திட்டத்தில் மனை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சின்ன மனைகளை ஏழைகளுக்குக் குறைந்த விலையிலும், பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலையிலும் விற்று, ஒன்றைக் கொண்டு இன்னொன்றை ஈடுகட்டினார்கள். எண்பதுகளில் அந்த இடங்கள் பொட்டல். திட்டம் தோற்றுவிட்டது என்றே பலர் எழுதினார்கள். இருபது ஆண்டு கழித்து உலக வங்கி ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தபோது சென்னையிலும் மும்பையிலும் அந்த மனைப்பிரிவுகள் பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் உயிருள்ள பகுதிகளாக வளர்ந்திருந்தன. அரசு வீடு கட்டவில்லை. வீதி, குழாய், காகிதம் மூன்றையும் கொடுத்தது. வீட்டை மக்களே கட்டினார்கள்: முதலில் ஓலை, அப்புறம் ஷீட், அப்புறம் தளம், மகளுக்குக் கல்யாணம் ஆனதும் மேல் மாடி.

இன்றைய வடிவம், பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் பயனாளி தானே கட்டும் பிரிவு. 2015-ல் தொடங்கிய திட்டத்தில் மத்திய அரசு ஒன்றரை லட்சம், தமிழ்நாடு அரசு 60 ஆயிரம், ஆக 2 லட்சத்து 10 ஆயிரம். 2024-ல் வந்த இரண்டாம் கட்டத்தில் மத்திய, மாநிலப் பங்கு சேர்ந்து இரண்டரை லட்சம். கிராமப்புறத்தில் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறது.

மறைந்திருக்கும் செலவு இங்கேயும் உண்டு. 300 சதுர அடிக்குச் சதுர அடி 2 ஆயிரம் ரூபாய் என்று போட்டாலும் 6 லட்சம். மானியம் அதில் பாதிகூட இல்லை. அதுவும் மொத்தமாக வராது. அஸ்திவாரம் போட்டுப் போட்டோ எடுத்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டத்தில் ஒன்று, தளம் போட்டால் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் குடும்பம் கைப்பணம் போட்டாக வேண்டும். மழைக்கு முன் தளம் போட முடியாமல் சுவரோடு நிற்கும் வீடுகளைச் சின்ன ஊர்களில் தெருவுக்கு ஒன்று பார்க்கலாம்.

பெரிய தடை பட்டா. பட்டா இல்லாமல் இந்த மானியமே கிடையாது. நீர்நிலை, சாலை, மேய்ச்சல் நிலம் போன்ற ஆட்சேபணை உள்ள புறம்போக்கில் பட்டா கேட்டுப் பயனில்லை. ஆட்சேபணை இல்லாத புறம்போக்கில் கேட்கலாம், கேட்க வேண்டும். சென்னையைச் சுற்றிய 'பெல்ட் ஏரியா'வில் பட்டா தருவதற்கு அறுபதுகளிலிருந்து இருந்த தடையைத் தளர்த்தி, அங்கேயும் மற்ற சில நகரங்களிலும் சேர்த்து 86 ஆயிரம் பேருக்குப் பட்டா தருவதென்று 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. இத்தனை ஆண்டு கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன சங்கங்கள் தூசி தட்டி மனுவை மறுபடியும் எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை.

சட்டப் பாதுகாப்பும் இங்கே முக்கியம். 1971 சட்டப்படி குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்குத் தன்னிச்சையாக வெளியேற்றுவதற்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு உண்டு. அந்த ஆண்டு சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-ல் இன்னும் 17. அதோடு நின்றுபோனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னைக் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 13 லட்சம் பேர். 1985-க்குப் பிறகு உருவான பகுதிகளில் இருக்கிறவர்கள் கணக்கில் உண்டு, சட்டத்தின் பாதுகாப்புக்குள் இல்லை.

எப்போது இது சரி? நிலம் ஆபத்தில்லாத இடத்தில், குடும்பங்கள் பல ஆண்டாக வேரூன்றி, ஒவ்வொன்றுக்கும் சுமாரான மனை இருக்கும்போது. நூறு சதுர அடியில் நெருக்கியடித்து இருக்கும் மைய நகரப் பகுதிகளுக்கு இது பொருந்தாது. குடிசைக்குள் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதனால் ஒன்றும் கிடைக்காது.

## வழி நான்கு: குறைந்த வாடகை வீடு

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே இன்னும் பெரிய அளவில் நடக்கவில்லை. கொரோனா காலத்தில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய பிறகு, 2020-ல் மத்திய அரசு மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய முயற்சி, ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 பெண் தொழிலாளர்களுக்கான தங்குமிடம்.

வேலைக்காக ஊர் விட்டு வந்தவர்கள், தனியாக இருப்பவர்கள், இரண்டு மூன்று ஆண்டு மட்டும் தங்குபவர்கள் ஆகியோருக்குச் சொந்த வீடு தேவையில்லை, நியாயமான வாடகை போதும். கையில் பெரிய தொகை வேண்டாம், வேலை மாறினால் வீட்டையும் மாற்றலாம். ஆனால் நாற்பது ஆண்டாக ஓரிடத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதைக் காட்டி 'வாடகைக்குப் போ' என்று சொன்னால், அது இருக்கிற உரிமையைப் பறிப்பதுதான். வேலையும் தங்குமிடமும் ஒரே முதலாளியின் பிடியில் இருந்தால், வேலை போன அன்றே கூரையும் போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வெளியே மறுகுடியமர்வு | அதே இடத்தில் மறுகட்டுமானம் | பட்டா + தானே கட்டுதல் | வாடகை |
|---|---|---|---|---|
| பிழைப்புத் தூரம் | மிக மோசம் | மாற்றமில்லை | மாற்றமில்லை | இடத்தைப் பொறுத்தது |
| காகிதம் | ஒதுக்கீட்டு ஆணை. கிரயப் பத்திரம் இழுபறி | அதேபோல்தான் | பட்டா, மிக வலுவானது | வாடகை ஒப்பந்தம் மட்டும் |
| குடும்பச் செலவு | தொடக்கத்தில் குறைவு, பிறகு பஸ், பராமரிப்பு | பங்களிப்பு + இடைக்கால வாடகை | மானியத்தைவிடக் கைப்பணம் அதிகம் | மாதாமாதம், முடிவில்லாதது |
| இடைக்காலம் | இல்லை | இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ | பக்கத்திலேயே ஒதுங்கலாம் | இல்லை |
| பதினைந்தாம் ஆண்டு | லிஃப்ட், மோட்டார் பெரும் சுமை | உயரத்தைப் பொறுத்தது | குடும்பமே பார்த்துக்கொள்ளும் | நடத்துபவர் பொறுப்பு |
| யாருக்கு | உயிர் ஆபத்துள்ள இடத்தினர் | பழுதான வாரியக் குடியிருப்பினர் | ஆட்சேபணையற்ற புறம்போக்கினர் | புதிதாக வந்தவர்கள் |

'இழுபறி' என்று அட்டவணையில் எழுதியதை விளக்க வேண்டும். பல வாரியக் குடியிருப்புகளில் இருபது ஆண்டுத் தவணையைக் கட்டி முடித்தவர்கள்கூடக் கிரயப் பத்திரம் இல்லாமல் இருக்கிறார்கள். காரணம், கட்டடம் எழுந்த நிலம் வருவாய்த் துறையிடமிருந்தோ மாநகராட்சியிடமிருந்தோ வாரியத்தின் பெயருக்கு இன்னும் மாறவே இல்லை. தன் பெயரில் இல்லாத நிலத்தை வாரியம் எப்படி எழுதிக் கொடுக்கும்? பத்திரம் இல்லாததால் வங்கிக் கடன் இல்லை. பிள்ளையின் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ பணம் வேண்டுமென்றால் வெள்ளைத் தாளில் எழுதி வீட்டை 'லீசுக்கு' விடுகிறார்கள். அதைத்தான் வெளியே இருந்து பார்ப்பவர்கள், 'அரசு வீடு வாங்கி வித்துட்டுத் திரும்பக் குடிசைக்கே வந்துட்டான்' என்று ஏசுகிறார்கள்.

## அரசு எதை மாற்ற வேண்டும்

நான்கில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் நீட்டுவதுதான் இதுவரை நடந்த பெரிய தவறு. என் முன்னுரிமை வரிசை: ஆட்சேபணை இல்லாத இடங்களில் பட்டாவும் வசதிகளும் முதலில், பழுதான வாரியக் கட்டடங்களில் மறுகட்டுமானம் அடுத்து, புதிதாக வருபவர்களுக்கு வாடகை வீடு, தொலைதூர மறுகுடியமர்வு வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

அதற்குள் உடனே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அஸ்திவாரம் தோண்டும் முன்பே நிலத்தை வாரியத்தின் பெயருக்கு மாற்றுவது. கருணைத் தொகையை ஒரே தடவையாகத் தராமல், சாவி கொடுக்கும் மாதம் வரை மாத வாடகையாகத் தருவது. அப்படிச் செய்தால் கட்டுமானம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அரசுக்கே வலிக்கும், வேலை வேகமாக நடக்கும். பள்ளி ஆண்டு நடுவில் யாரையும் கிளப்பாமல் இருப்பது. ஒப்படைப்பதற்கு முன் வெளியார் தர ஆய்வு. 1971 சட்டப்படி புதுப் பகுதிகளை அறிவிக்கும் வேலையை மறுபடியும் தொடங்குவது.

பராமரிப்புக்கு 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒரு நல்ல ஏற்பாடு வந்தது: குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் தொகைக்குச் சமமாக அரசும் தரும். இதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் லிஃப்ட் உள்ள கட்டடங்களில் வீட்டுக்கு மாதம் 750 ரூபாய் என்பது வேலை போன குடும்பத்துக்குப் பெரிய பாரம். பாதிப் பேர் கட்டாவிட்டால் அரசின் பங்கும் பாதியாகிவிடும், லிஃப்டும் நிற்கும். உயரமான கட்டடத்தைக் கட்டியது அரசின் முடிவு. அந்த உயரத்தால் வரும் கூடுதல் செலவை அரசுதான் ஏற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், மக்களோடு முன்கூட்டியே பேச வேண்டும். 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். மாற்று இடம் எங்கே, எப்போது என்பது இடிக்கும் இயந்திரம் வந்து நின்ற பிறகு பேசும் பேச்சல்ல.

## கையெழுத்துக்கு முன்

சம்மதக் கடிதத்தைக் கூட்டமாக நின்று வாங்கிக் கூட்டமாக நின்று போடாதீர்கள். ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துப் போய் படிக்கத் தெரிந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். புது வீடு எந்த இடத்தில் என்று ஊர் பெயரோடு எழுதியிருக்கிறதா? 'வாரியம் ஒதுக்கும் இடத்தில்' என்று மட்டும் இருந்தால் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பங்களிப்புத் தொகை எவ்வளவு, எத்தனை தவணை? எந்தத் தேதிக்குள் சாவி? தேதி தாண்டினால் வாடகையை யார் தருவது? நிலம் யார் பெயரில் இருக்கிறது? இதைத் தாலுகா அலுவலகத்தில் சர்வே எண் கொடுத்துக் கேட்கலாம், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போடலாம்.

கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கல்யாணமாகி அதே வீட்டில் தனி அடுப்பு வைத்திருக்கும் மகன், மகள் குடும்பங்களும் தனித்தனியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒதுக்கீடு வீட்டுப் பெண்ணின் பெயரில், அல்லது இருவர் பெயரிலும் வர வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுங்கள். தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவர்கள், படி ஏற முடியாதவர்கள் பட்டியலைச் சங்கமே தயாரித்து, உதவி நிர்வாகப் பொறியாளரிடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.